பின்னோக்கி ஓடிய பேருந்து

(ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முன்வரிசைகளில் பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நேராக ஒரு கணக்குக்கு வந்துவிடுகிறேன். ஒரு பேருந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஓட்டுநர் பிரேக் போடுகிறார். ஒவ்வொரு விநாடியிலும் அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்ற அளவில் குறைகிறது. பிரேக் போட்டதிலிருந்து 10 விநாடிகளில் பேருந்து எவ்வளவு தூரம் போயிருக்கும்?

பலர் இப்போதே மனத்துக்குள் போட ஆரம்பித்திருப்பீர்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். இயக்கச் சமன்பாடுகள் மூன்றில் இரண்டாவதை எடுக்கலாம். தொடக்கத் திசைவேகத்தை நேரத்தால் பெருக்க வேண்டும். முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். 20ஐப் 10ஆல் பெருக்கினால் 200. முடுக்கம் இங்கே எதிர்க்குறி. 5இல் பாதி 2.5, அதை 100ஆல் பெருக்கினால் 250. 200இலிருந்து 250 போனால் மைனஸ் 50. விடை மைனஸ் 50 மீட்டர். அலகு எழுதியாயிற்று, அடியில் இரண்டு கோடும் போட்டாயிற்று.

இப்போது அந்தப் பேருந்தைப் பாருங்கள். பிரேக் போட்ட இடத்துக்கு 50 மீட்டர் பின்னால் இருக்கிறது. முதல் சமன்பாட்டை எடுத்து அதன் வேகத்தையும் கேட்டால், மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதாக வரும். பிரேக் போட்ட எந்தப் பேருந்து இப்படிச் செய்யும்? 20 மீட்டர் வேகம் விநாடிக்கு ஐந்தைந்தாகக் குறைந்தால் நான்காவது விநாடி முடியும்போது வண்டி நின்றுவிடும். அதற்குள் 40 மீட்டர் போயிருக்கும். மீதி 6 விநாடியும் நின்ற இடத்திலேயே நிற்கும். விடை 40 மீட்டர்.

சமன்பாட்டின்மேல் குற்றமில்லை. முடுக்கம் மாறாமல் இருக்கும்வரை மட்டுமே செல்லுபடியாகும் சமன்பாடு அது. சக்கரம் நின்ற கணத்தோடு பிரேக்கின் வேலை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் எதிர்முடுக்கம் இல்லை. இதைச் சமன்பாடு தானாக அறியாது. கணக்குப் போடுகிறவர்தான் அறிந்து சொல்ல வேண்டும். அவர் அறிய வேண்டுமானால், பேனாவை எடுப்பதற்கு முன் அந்தச் சாலையையும் பேருந்தையும் மனக்கண்ணால் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

இன்று நான் வலியுறுத்த வந்தது இதைத்தான். இயற்பியலில் ஒவ்வொரு கணக்கும் முதலில் ஒரு நிகழ்ச்சி. அந்த நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்தபிறகுதான் சூத்திரத்துக்கு இடம். விடை கிடைத்தபிறகு மறுபடியும் நிகழ்ச்சிக்கே திரும்பி, இது நடக்கக்கூடியதா என்று கேட்க வேண்டும். நம் வகுப்பறைகளில் முதலும் கடைசியும் விட்டுப்போய், நடுவில் இருக்கும் சூத்திரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தரவுகளை எழுது, சூத்திரத்தை எழுது, பிரதியிடு, விடைக்குக் கீழே கோடு போடு என்று பிள்ளைகளைப் பழக்குகிறோம். மதிப்பெண்ணும் அந்த வரிகளுக்கே கிடைக்கிறது. அதனால் பிள்ளைகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை ஒளி, இயக்கம், பருப்பொருள் ஆகிய மூன்றிலும் காட்டுகிறேன். ஒளியிலிருந்து தொடங்குகிறேன். சூத்திரமே தேவைப்படாத ஒரு கணக்கு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் தன் முழு உருவத்தையும் பார்க்கச் சுவரில் எவ்வளவு உயரமான கண்ணாடி மாட்ட வேண்டும்? கண்ணாடியிலிருந்து விலகி நின்றால் சின்னக் கண்ணாடியே போதுமா?

பின்னால் தள்ளி நின்றால் உடம்பில் இன்னும் கொஞ்சம் தெரியும் என்பதுதான் பெரும்பாலோர் பதில். படித்தவர்கள், பெரியவர்கள் என்று யாரைக் கேட்டாலும் இந்தப் பதில் வரும். ஒரு படம் வரைந்து பார்ப்போம். இதோ இந்தப் பலகையில் ஒரு செங்குத்துக் கோடு, அதுதான் கண்ணாடி. இந்தப் பக்கம் மனிதர். கண்ணின் உயரம் தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வர வேண்டும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், அது படுகிற இடம் பாதத்துக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் இருக்கும். அதாவது 75 சென்டிமீட்டர். உச்சந்தலையிலிருந்து வரும் ஒளி 160க்கும் 150க்கும் நடுவில், 155 சென்டிமீட்டர் உயரத்தில் படும். 75இலிருந்து 155 வரை 80 சென்டிமீட்டர் கண்ணாடி இருந்தால் போதும். உயரத்தில் சரிபாதி.

இந்தக் கணக்கில் தூரம் எங்கே வந்தது? எங்கும் வரவில்லை. நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் அந்தப் பாதி பாதியாகவே இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள். கண்ணாடியின் கீழ்விளிம்பில் உங்கள் சட்டையின் எந்தப் பொத்தான் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு பின்னால் நகருங்கள். முதுகை நேராக வைத்திருந்தால் அதே பொத்தான்தான் தெரியும். கண்ணாடி செங்குத்தாகத் தொங்க வேண்டும், அது மட்டும் முக்கியம். ஆணியில் மாட்டிய கண்ணாடி சற்றே முன்பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு மாறிவிடும்.

கோளக ஆடிகளுக்கு வந்தால் பிள்ளைகளை அழவைப்பது குறியீட்டு மரபு. எது நேர்க்குறி, எது எதிர்க்குறி? கார்ட்டீசியன் மரபை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வறையில் தடுமாறுகிறார்கள். ஒரு குழியாடியின் குவியத் தொலைவு 15 சென்டிமீட்டர், பொருள் 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே என்ன சொல்ல முடியும்? பொருள் குவியத்துக்கு உள்ளே இருக்கிறது. பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு குழியாடி இப்படித்தான் வேலை செய்கிறது. பிம்பம் பெரியதாக, நிமிர்ந்து, ஆடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரியும். இவ்வளவும் சூத்திரம் இல்லாமலே தெரிந்துவிட்டது. இப்போது சூத்திரத்தில் இரண்டு தொலைவுகளையும் எதிர்க்குறியோடு போட்டால் பிம்பம் ஆடிக்குப் பின்னால் 30 சென்டிமீட்டரில், மூன்று மடங்கு பெரியதாக இருக்கும் என்று வருகிறது. எதிர்பார்த்ததும் வந்ததும் பொருந்துகின்றன.

குவியத் தொலைவுக்கு எதிர்க்குறி போட மறந்தால் என்ன ஆகும்? பிம்பம் ஆடிக்குப் பின்னால் 6 சென்டிமீட்டரில், பொருளைவிடச் சிறியதாக இருப்பதாக வரும். அது குவியாடிக்கு உரிய விடை, மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் நாம் பார்க்கிற பிம்பம். ஒரு குறி மாறியதில் குழியாடி குவியாடியாகிவிட்டது! காட்சியை முதலில் பார்த்த மாணவர் 'சிறியதாக' என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார். பார்க்காதவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். குறியீட்டு மரபு பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். விடை தவறு என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு வழியையும் நாம் கொடுக்காததுதான் உண்மையான கடினம்.

ஒளியின் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். பள்ளிக்கூடக் கணக்கு எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கலிலியோ 1638இல் வெளியிட்ட 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் ஒரு சோதனை வருகிறது. இரண்டு பேர் இரவில் ஆளுக்கொரு விளக்கோடு தூரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் விளக்கைத் திறந்ததும், அதைப் பார்த்த மற்றவர் தன் விளக்கைத் திறக்க வேண்டும். ஒளி போய்வர நேரம் பிடிக்கிறதா என்று முதலாமவர் கவனிக்க வேண்டும். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் செய்துபார்த்ததில் எதையும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை? கணக்குப் போடுங்கள். ஒரு மைல் தூரத்தில் நின்றாலும் போகவர 3.2 கிலோமீட்டர். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்று நமக்குத் தெரியும். ஆகப் பிடிக்கும் நேரம் விநாடியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மனிதர் விளக்கைப் பார்த்துக் கையை அசைக்கவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அளக்க வேண்டியதைப்போல் இருபதாயிரம் மடங்கு பெரியது, அளக்கும் கையின் தாமதம். கலிலியோவின் எண்ணத்தில் பிழையில்லை. அதற்கு ஏற்ற கைதான் இல்லை.

பிரெஞ்சு நாட்டு இயற்பியலாளர் இப்போலிட் ஃபிசோ 1849இல் அந்தக் கைக்குப் பதிலாக ஒரு பல்சக்கரத்தை வைத்தார். பாரிஸை அடுத்த சுரேன் என்ற இடத்திலிருந்து மோன்மார்த்ர் குன்றுக்கு ஒளியை அனுப்பினார். இடைத்தூரம் 8,633 மீட்டர். அங்கே ஓர் ஆடி அதைத் திருப்பி அனுப்பும். புறப்படும் இடத்தில் 720 பற்கள் கொண்ட சக்கரம் சுழல்கிறது. ஒளி ஓர் இடைவெளி வழியாக வெளியே போகும். திரும்பி வருவதற்குள் சக்கரம் சரியாக ஒரு பல் அளவு நகர்ந்துவிட்டால், அந்தப் பல் ஒளியை மறைத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு இருட்டு. சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது விநாடிக்கு 12.6 சுற்றில் முதல் இருட்டு வந்தது.

இனிக் கணக்கு. 720 பல், 720 இடைவெளி, மொத்தம் 1,440 சம பாகங்கள். விநாடிக்கு 12.6 சுற்று என்றால் விநாடிக்கு 18,144 பாகங்கள் கடந்துபோகின்றன. ஒரு பாகம் கடக்க ஆகும் நேரம் விநாடியில் 18,144இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி போய்வந்த தூரம் 17,266 மீட்டர். தூரத்தை நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 31,32,74,304 மீட்டர்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கால்குலேட்டர் ஒன்பது இலக்கங்களையும் காட்டும், அத்தனையையும் எழுதிவிடாதீர்கள். 12.6 என்ற அளவில் மூன்று இலக்கங்கள்தான் நமக்கு உறுதி. ஆகவே விடையிலும் ஏறத்தாழ 3,13,000 கிலோமீட்டர் என்று சொல்லவே நமக்கு உரிமை உண்டு. உண்மையான மதிப்பு விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர், 1983இலிருந்து மீட்டர் என்ற அலகையே இதை வைத்துத்தான் வரையறுக்கிறோம். ஃபிசோவுக்குக் கிடைத்தது நூற்றுக்கு நாலரை பங்குபோல அதிகம். வானத்தைப் பார்க்காமல், பூமியில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி அவர் இதை அளந்தார். அதற்குத் தேவைப்பட்ட கணிதம் தூரத்தை நேரத்தால் வகுப்பது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த வகுத்தலுக்கு முன்னால், பல்லும் இடைவெளியும் ஒளியும் எப்படி நகர்கின்றன என்று ஒருவர் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இந்தச் சோதனையை வெறும் பெயராகவும் ஆண்டாகவும் சொல்லிக் கடந்துபோகாதீர்கள் என்று ஆசிரியர்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அப்படியே ஒரு கணக்காகக் கொடுங்கள்.

இயக்கத்துக்கு வருவோம். ஒருவர் 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினார். சராசரி வேகம் என்ன? 50 என்று நாக்கு முந்தும். போக 3 மணி, வர 2 மணி, 240 கிலோமீட்டருக்கு 5 மணி, விடை 48. நீட் தேர்வில் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தானே, நிகழ்ச்சியையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். மெதுவாகப் போகும்போதுதான் அவர் அதிக நேரம் சாலையில் இருக்கிறார். அதனால் சராசரி 50க்குக் கீழே இருந்தாக வேண்டும். இதை உணர மூன்று விநாடி ஆகும். நான்கு விடைகளில் இரண்டோ மூன்றோ அப்போதே விழுந்துவிடும். பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

இயக்கச் சமன்பாடுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நேராக விழும் பொருள் மிக வேகமாக விழுந்துவிடுவதால் கலிலியோ ஒரு நீண்ட மரக்கட்டையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை அளக்க அவரிடம் இன்றைய கடிகாரம் இல்லை. ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக வடிந்த தண்ணீரைப் பிடித்து எடைபோட்டார். தண்ணீரின் எடைதான் நேரம். சம கால இடைவெளிகளில் குண்டு கடந்த தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. கல் விழும் கணக்கை எடுத்துப் பாருங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் ஒரு விநாடியில் 5 மீட்டர், இரண்டு விநாடியில் 20, மூன்று விநாடியில் 45. முதல் விநாடியில் 5, இரண்டாவதில் 15, மூன்றாவதில் 25. அதே 1, 3, 5. 'நேரத்தின் வர்க்கம்' என்று நாம் மனப்பாடம் செய்வது அந்தப் பள்ளத்தில் குண்டு உருண்டபோது கண்டது.

வர்க்கம் என்பதன் பொருளை உயிரோடு தொடர்புடைய ஓர் இடத்தில் காட்டுகிறேன். பெற்றோர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 10 மீட்டரில் வண்டி ஓட்டும் ஒருவர் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்க்கிறார். சுதாரித்துப் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. அதற்குள் 10 மீட்டர் போய்விடும். பிறகு விநாடிக்கு ஐந்தைந்தாகக் குறைந்து நிற்க இன்னொரு 10 மீட்டர். மொத்தம் 20. வேகம் 72ஆக இருந்தால்? சுதாரிக்க 20 மீட்டர், நிற்க 40 மீட்டர், மொத்தம் 60. வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. அதில் பிரேக்கின் பங்கு மட்டும் நான்கு மடங்கு. இன்னொன்றையும் பாருங்கள். குழந்தை 20 மீட்டர் முன்னால் இருக்கிறது. 36இல் வந்த வண்டி அதைத் தொடாமல் நின்றுவிடும். 72இல் வந்த வண்டி அந்த இடத்துக்கு வரும்போது அதன் ஓட்டுநர் பிரேக்கில் கால்கூட வைத்திருக்க மாட்டார். முழு வேகத்தில் மோதும். வேகத்தின் வர்க்கத்தையும் தூரத்தையும் இணைக்கும் மூன்றாம் இயக்கச் சமன்பாட்டைத் தேர்வுக்கு முன்தினம் புரட்டிவிட்டு மறந்துபோகும் பிள்ளைகள், பதினெட்டு வயதில் இருசக்கர வாகனம் வாங்குகிறார்கள். இந்தக் கணக்கை அவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

சூத்திரம் தெரிவதும் நிகழ்ச்சி புரிவதும் வேறுவேறு என்பது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மாசூரின் அனுபவம் உலகெங்கும் ஆசிரியர்கள் பேசுகிற ஒன்று. அரிசோனாவில் ஹலூன், ஹெஸ்டினஸ் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு விசை, இயக்கம் பற்றிய எளிய கேள்விகள் வைத்துப் பார்த்து 1985இல் கட்டுரைகள் எழுதியிருந்தார்கள். பாடம் நடத்திய பிறகும் மாணவர்களின் பழைய எண்ணங்கள் அப்படியே இருக்கின்றன என்றன அவை. தன் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பி, மாசூர் அதே வகைத் தேர்வை வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பதுபோன்ற கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதி தெரிந்த யாரும் இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம். அப்போது ஒரு மாணவி, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று அவரிடம் கேட்டார். அந்தக் கேள்வி மாசூரின் பாடம் நடத்தும் முறையையே மாற்றியது. விரிவுரையைக் குறைத்துக்கொண்டார். ஒரு கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி முடிவுக்கு வரச்சொல்லும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நம் வகுப்புகளில் இதற்குச் செலவு ஒன்றும் ஆகாது. வகுப்பு ஐந்து நிமிடம் இரைச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

பருப்பொருளுக்கு வருகிறேன். அடர்த்தி என்றால் நிறையைப் பருமனால் வகுத்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. இந்த இரண்டு மதிப்பெண் கேள்வியில் 69 பேருடைய உயிர் தொங்கியது.

1983 ஜூலை 23. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்? கேள்வி இவ்வளவுதான். லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற அடர்த்தியால் பெருக்க வேண்டும். அவர்கள் பயன்படுத்திய எண் 1.77. அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் பவுண்டுக் கணக்கு இருந்தது; புதிதாக வந்த இந்த 767 கிலோகிராம் கணக்கில் ஓடியது. சரியான எண் 0.803.

1.77ஆல் பெருக்கியதில் தொட்டியில் ஏற்கெனவே 13,597 கிலோகிராம் இருப்பதாகத் தோன்றியது. மீதி 8,703 கிலோகிராம். அதை மறுபடி 1.77ஆல் வகுத்து ஏறத்தாழ 4,900 லிட்டர் நிரப்பினார்கள். உண்மையில் தொட்டியில் இருந்தது 6,169 கிலோகிராம். நிரப்பியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பியது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானி பாப் பியர்சனுக்கு இயந்திரமில்லாத கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்தது. அவரும் துணை விமானி மாரிஸ் குவின்டலும் அந்தப் பெரிய விமானத்தை மிதக்கவிட்டே கொண்டுவந்து, மானிடோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். அதில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

நேர நெருக்கடியில், பழுதான கருவியோடு, புது அலகு முறையில் வேலை செய்த அந்த மனிதர்களைக் குறைசொல்ல இதை எடுக்கவில்லை. அந்த விடை தவறு என்று எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதே என் அக்கறை. மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். விமான எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். மிதக்கிறது என்றால் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே 7,682 லிட்டர் எரிபொருள் 7,682 கிலோவைத் தாண்டவே முடியாது. 13,597 என்ற எண்ணைப் பார்த்தவுடனே, இது நடக்காதே என்று சொல்லியிருக்கலாம். பெருக்கலைத் திரும்பச் சரிபார்த்தால் இந்தப் பிழை அகப்படாது, ஏனென்றால் பெருக்கல் சரி. ஒட்டாவாவில் மறுபடி அளந்தபோதும் அதே பவுண்டு எண்ணால்தான் பெருக்கினார்கள். எண்ணிலிருந்து எண்ணெய்க்குத் திரும்பியிருந்தால் மட்டுமே பிழை தெரிந்திருக்கும்.

ஆகவே அலகு என்பது விடைக்குப் பின்னால் ஒட்டவைக்கும் சடங்கு இல்லை. அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைக்கிறோம், பிள்ளைகளும் அந்த அரை மதிப்பெண்ணுக்காக அலகு எழுதுகிறார்கள். நான் கேட்பது வேறு. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் சேர்த்தே பெருக்கி வகுக்கச் சொல்லுங்கள். அன்று 1.77க்குப் பக்கத்தில் 'லிட்டருக்குப் பவுண்டு' என்று எழுதியிருந்தால், லிட்டரும் லிட்டரும் அடிபட்டுப் பவுண்டு மிஞ்சியிருக்கும். கிலோகிராமிலிருந்து பவுண்டைக் கழிக்க யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

நேரம் ஆகிவிட்டது. ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். வாரத்துக்கு ஒருமுறையாவது எண்களே இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுங்கள். வகுப்புத் தேர்வில், விடைத்தாள் உங்கள் கையில்தானே இருக்கிறது, படத்துக்கும் 'இந்த விடை நடக்கக்கூடியதா' என்ற ஒரு வரிக்கும் மதிப்பெண் வையுங்கள். பொதுத்தேர்வின் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்கள் இல்லாத கணக்குக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு சிறு குளம். அதில் ஒரு படகு. படகில் ஒரு பெரிய கருங்கல். படகில் இருப்பவர் அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்தில் போடுகிறார். குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? கல் தண்ணீருக்குள் போகிறது, அதனால் ஏறும் என்று தோன்றும். இந்தமாதிரிக் குழப்பத்துக்கு நல்ல மருந்து, நிகழ்ச்சியை எல்லைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது. கல்லுக்குப் பதில், நெல்லிக்காய் அளவே இருந்து ஒரு டன் கனக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்யுங்கள். அது படகில் இருக்கும்வரை படகு ஒரு டன் தண்ணீரை, அதாவது 1,000 லிட்டரை, கூடுதலாக ஒதுக்கித் தள்ள வேண்டும். குளத்துக்குள் விழுந்தபின் அது ஒதுக்குவது ஒரு நெல்லிக்காய் அளவுத் தண்ணீரை. மட்டம் இறங்கும் என்பது இப்போது பளிச்சென்று தெரிகிறது. நம் கருங்கல்லுக்கும் அதே கதைதான். அடர்த்தி தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு, நிறை 10 கிலோ என்றால், படகில் இருக்கும்போது 10 லிட்டர், குளத்துக்குள் 4 லிட்டர்.

வீட்டில் ஒரு வாளியும், மிதக்கும் ஒரு கிண்ணமும், கைக்கு அடங்கும் கல் ஒன்றும் இருந்தால் இன்று மாலையே செய்து பார்க்கலாம். மட்டத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். செய்து முடித்தபின், கல்லுக்குப் பதில் மரக்கட்டையைப் போட்டால் என்ன ஆகும், கல் உள்ளே இருக்கக் கிண்ணமே ஓட்டையாகி மூழ்கினால் என்ன ஆகும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு சோதியுங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.